மூன்று வழியும் ஒரு மலையும்: சிறுமலையைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணத் திட்டம்

(ஒலிப்பதிவின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நமக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர்ல ஓட்டி போரடிச்சிடுச்சு. நாலஞ்சு நாள் லீவு போட்டு, பழைய பாதை ஏதாவது ஒண்ணுல சைக்கிள்ல போகணும். ஆனா வெளிமாநிலம் போக வேண்டாம். எங்க போகலாம்?"

என் பதில் திண்டுக்கல். சிரிக்காதீங்க. பிரியாணிக்காகச் சொல்லலை. அதுவும் உண்டு, அது நாலாம் நாள் வரும்.

திண்டுக்கல்லைச் சொல்றதுக்குக் காரணம், தமிழ்ல நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய விரிவான பயண வழிகாட்டி ஒண்ணு இந்தச் சமவெளியோட ஓரத்துலதான் நடக்குது. அதுல ஒரு பெரியவர் மூணு பேருக்கு வழி சொல்றார். ஒரு வழி இல்ல, மூணு வழி. ஒவ்வொண்ணுலயும் என்ன கிடைக்கும், என்ன ஆபத்துன்னு பிரிச்சுப் பிரிச்சு சொல்றார். சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம், காடுகாண் காதை. பள்ளிக்கூடத்துல சிலம்பு உடைக்கிற காட்சி வரைக்கும் வேகமாத் தள்ளிட்டுப் போயிருப்பாங்க. நடுவுல இருக்கிற இந்த நடைப்பயணத்தை யாரும் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

முப்பது காதம்

கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பியது யாருக்கும் தெரியாமல். அதிகாலை, இருட்டு விலகும் முன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் முப்பது காதம் என்று நேராகச் சொல்லவில்லை. ஆறையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்து, பெருக்கினால் முப்பது வருகிற மாதிரிச் சொல்கிறான். அவள் காதில் அது ஐந்தாறு காதம் என்று விழட்டும் என்றுதான் அப்படிச் சொன்னான் என்று தமிழாசிரியர்கள் ரசித்து விளக்குவார்கள்.

புதுசா ஒருத்தரை லாங் ரைடு கூட்டிட்டுப் போன யாருக்கும் இது புரியும். "இன்னும் எவ்வளவு தூரம்?" "இதோ, அஞ்சாறு கிலோமீட்டர்தான்." எல்லாரும் சொல்லியிருக்கோம்.

வழியில் கவுந்தி அடிகள் சேர்ந்துகொள்கிறார். சமணத் துறவி, வயதானவர். காவிரிக் கரையோடு மேற்கே வந்து, உறையூரைத் தாண்டித் தெற்கே திரும்புகிறார்கள். அங்கே ஒரு சோலையில் மாங்காட்டு மறையவன் எதிர்ப்படுகிறான். மேற்கு மலைப் பக்கத்து ஊர்க்காரன். திருவரங்கமும் வேங்கடமும் பார்க்கக் கிளம்பியவன், பாண்டிய நாடு வழியாக வந்திருக்கிறான். அதாவது இவர்கள் போக வேண்டிய நிலத்தை அவன் ஏற்கெனவே நடந்து கடந்தவன். மதுரைக்கு எப்படிப் போவது என்று கோவலன் கேட்கிறான்.

வழி சொல்வதற்கு முன் அவன் சொல்லும் முதல் விஷயம் பருவநிலை. இந்த வெயில் காலத்தில், இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாயே என்று வருந்துகிறான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்று இலக்கணப் புத்தகங்களில் படிப்போமே, அந்தக் கருத்து வரும் இடம் இதுதான். திணை இலக்கணமாக நாம் மனப்பாடம் பண்ணினது, அங்கே ஒரு வழிப்போக்கன் இன்னொரு வழிப்போக்கனுக்குச் சொல்லும் வானிலை எச்சரிக்கை.

மூணு வழி, மூணு இடைவெளி

கொடும்பை, நெடுங்குளம் என்ற இடங்களைத் தாண்டியதும் வழி சிவன் கையில் இருக்கும் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையவன். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலையைத் தாண்டி, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது.

வலது வழி: காய்ந்த மரங்களும் எயினர் குடியிருப்பும் உள்ள வறண்ட நிலம். அதைத் தாண்டினால் பாண்டியனின் சிறுமலை தெரியும். அங்கே தினை, வரகு, மஞ்சள், கரும்பு, வாழை, கமுகு, தென்னை, மா, பலா என்று பெரிய பட்டியலே போடுகிறான்.

இடது வழி: வயலும் சோலையும் காடும் கலந்த பாதை. திருமால் குன்றம், அதாவது அழகர்மலை, அந்தப் பக்கம். மலைக் குகைக்குள்ளே மூன்று பொய்கைகள் உண்டு. ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் வசப்படும், ஒன்றில் குளித்தால் முற்பிறப்பு தெரியும், இன்னொன்றில் குளித்தால் நினைத்தது கிடைக்கும்.

நடு வழி: இந்த இரண்டுக்கும் இடையில். ஊரும் காடும் மாறி மாறி வரும். நல்ல வழிதான். ஒரே ஆபத்து, அழகான உருவில் வந்து வழிப்போக்கர்களை மயக்கித் தடுக்கும் ஒரு தெய்வம்.

கவுந்தியின் பதில் அருமையாக இருக்கும். இலக்கணம் எங்கள் அருகன் நூலிலேயே உண்டு, முற்பிறப்பை இப்பிறப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம், உண்மையும் கொல்லாமையும் உள்ளவருக்குக் கிடைக்காதது எது, ஆகவே எங்களுக்கு உம் பொய்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடு வழியில் நடக்கிறார்கள்.

இப்ப போன்ல மேப்பைத் திறந்து வச்சுக்கோங்க. சாட்டிலைட் படமா மாத்திக்கோங்க. மதுரைக்கு வடக்கே ரெண்டு பச்சைத் திட்டு தெரியும். மேற்கே இருக்கிறது சிறுமலை. கிழக்கே இருக்கிறது அழகர்மலை. திருச்சியில இருந்து மதுரைக்கு இறங்கணும்னா இந்த ரெண்டு மலையையும் எப்படியாவது தாண்டணும். மூணே மூணு இடைவெளிதான் இருக்கு. அழகர்மலைக்குக் கிழக்கே ஒண்ணு: துவரங்குறிச்சி, மேலூர். ரெண்டு மலைக்கும் நடுவுல ஒண்ணு: நத்தம். சிறுமலைக்கு மேற்கே ஒண்ணு: மணப்பாறை, திண்டுக்கல், வாடிப்பட்டி.

இன்னைக்கும் மூணு இடைவெளியிலயும் மூணு பெரிய ரோடு ஓடுது.

கோவலன் கண்ணகி நிஜமா வாழ்ந்தவங்களா, கதாபாத்திரமான்னு நீங்க எவ்வளவு வேணாலும் சண்டை போடலாம். ஆனா இளங்கோ அடிகளுக்குக் கதையை எங்க வேணாலும் நடத்த முடியும், மலையை நகர்த்த முடியாது. கேக்கறவங்களுக்குத் தெரிஞ்ச நிலமா இருந்தாத்தான் அந்த வழி சொல்ற காட்சி எடுபடும். அதனால பாத்திரங்கள் கற்பனைன்னே வச்சுக்கிட்டாலும் இந்தப் பாதை கற்பனை ஆகிடாது.

திண்டுக்கல் வழியில இருக்கா இல்லையா?

இங்கதான் நம்ம திட்டத்துல முதல் சிக்கல். வலது வழியைச் சொல்லும்போது மறையவன் சிறுமலையை வலமாகக் கொண்டு போங்கள் என்ற பொருளில் ஒரு சொல் போடுகிறான். அந்தச் சொல்லை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம்.

கோயிலை வலம் வரும்போது கோயில் நம் வலது கைப் பக்கம் இருக்கும். அதே கணக்கில், தெற்கே நடப்பவருக்கு மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்றால், மலை மேற்கே, ஆள் கிழக்கே. அப்படியானால் வலது வழி நத்தம் பக்கமாகத்தான் வரும். திண்டுக்கல்லுக்கு அதில் வேலையே இல்லை.

இன்னொரு விதமாக, மலையின் வலப்பக்கமாகப் போ என்று எடுத்துக்கொண்டால், மலைக்கு மேற்கே போக வேண்டும். அது திண்டுக்கல் சமவெளி.

ஒரு சொல்லுல ஒரு மாவட்டமே உள்ளே வருது, வெளியே போகுது.

எனக்கு மேற்குப் பக்கம்தான் சரின்னு படுது. காரணம் அந்த நடு வழி. அது மத்த ரெண்டுக்கும் இடையில இருக்குன்னு மறையவனே சொல்றான். வலது வழியும் சிறுமலைக்குக் கிழக்கேதான்னா, வலது வழி, நடு வழி ரெண்டுமே நத்தம் பக்கத்து ஒரே இடைவெளிக்குள்ள நெருக்கியடிச்சுப் போகணும். மேற்கேன்னு வச்சுக்கிட்டா மூணு வழிக்கும் மூணு இடைவெளி கச்சிதமா பொருந்துது. ஆனா வலம்ங்கிற சொல்லுக்கு வழக்கமான பொருள் முதல்ல சொன்னதுதான். அதையும் தூக்கிப் போட முடியாது.

சுற்றுலாவுக்குன்னு ஒரு பாதைக்குப் பேர் வைக்கும்போது இந்த மாதிரி இடத்துல ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, போர்டு நட்டு, மத்ததை மறந்துடுவாங்க. போர்டு நட்ட அப்புறம் அந்தச் சொல்லை யாரும் திருப்பிப் படிக்கப் போறதில்ல. உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது, உங்ககிட்ட சைக்கிள் இருக்கு. நத்தம் வழியா இறங்கி, திண்டுக்கல் வழியா ஏறுங்க. சிறுமலையை முழுசா ஒரு சுத்து. இந்தத் திசையில போனா மலை கடைசி வரைக்கும் உங்க வலது கைப் பக்கமே இருக்கும். கோவலன் போன நடு வழியும் கிடைக்கும், போகாத வலது வழியும் கிடைக்கும்.

முதல் நாள், இரண்டாம் நாள்: நடு வழி

ரயில்ல திருச்சி வரைக்கும் வந்துடலாம். முதல் நாள் திருச்சி, விராலிமலை, கொடும்பாளூர், துவரங்குறிச்சி. சுமார் 70 கிலோமீட்டர்.

கொடும்பாளூரில் ஒரு மணி நேரமாவது இறங்குங்கள். மூவர் கோயில் என்று பெயர், நிற்பது இரண்டு. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் குலத் தலைவன் கட்டியது. சோழர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். ஒரு சின்ன தலைவன் குடும்பத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் படும். சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் போகும் வழிகள் பிரியும் இடம் அது. படையும் வணிகரும் அந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும்.

ரெண்டாம் நாள் துவரங்குறிச்சியில இருந்து நத்தம், நத்தத்துல இருந்து மதுரை. அறுபது, அறுபத்தஞ்சு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் மலை. கோவலன் தண்ணி குடிக்கக் குளத்துப் பக்கம் ஒதுங்கினது இந்த நடு வழியிலதான். மாதவியோட தோழி வசந்தமாலை உருவத்துல அந்தத் தெய்வம் வந்து அழுதது. மறையவன் முன்னாடியே எச்சரிச்சிருந்ததால அவன் சுதாரிச்சுக்கிட்டான். வழி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனதோட பலன்.

இந்த இடைவெளியைப் பற்றி இன்னொரு கதை. 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான், ஆற்காடு நவாபுக்காக வரி வசூலிக்க மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படை கொண்டு போனார். வழியில் கோயில்குடியில் கோயிலைத் தாக்கி, சிலைகளை எடுத்துக்கொண்டார். பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார். யாரும் கொடுக்கவில்லை. அந்தச் சிலைகளோடு திருச்சிக்குத் திரும்பும்போது நத்தம் கணவாயைத் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் நீளமாகப் போகும் மூட்டை முடிச்சு வண்டிகள். கள்ளர்கள் அங்கே தாக்கிச் சிலைகளை மீட்டுக்கொண்டார்கள். ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார். அந்த நிலம் தெரிந்த ஒரு மாங்காட்டு மறையவன் அவருக்குக் கிடைக்கவில்லை போலும். கிடைத்திருந்தாலும் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வழி சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

இன்னைக்கு அதே நத்தம் ரோட்டுல, மதுரைக்குள்ள நுழையிற இடத்துல 7.3 கிலோமீட்டருக்கு மேம்பாலம் போட்டிருக்காங்க. 2023-ல திறந்தது. நீங்க மேல ஏறாதீங்க, கீழ் ரோட்டுலயே போங்க. நிழலும் டீக்கடையும் அங்கதான் இருக்கு.

வைகைக் கரை

எயினர் ஊரைத் தாண்டிய பிறகு மூவரும் ஒரு முடிவு எடுக்கிறார்கள். பகலில் இந்த வெயிலில் கண்ணகியால் நடக்க முடியாது, இரவில் நிலா வெளிச்சத்தில் நடக்கலாம். பாண்டிய நாட்டில் இரவிலும் பயமில்லை, புலியும் கரடியும் பாம்பும்கூடத் துன்பம் செய்யாது என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படி நடந்து, மதுரையின் ஓசை காதில் விழுகிற தூரத்துக்கு வருகிறார்கள். வைகையைத் தெப்பத்தில் கடந்து தென்கரை சேர்கிறார்கள். கண்ணகிக்கு வரப்போவது தெரிந்ததால் ஆறு தன் கண்ணீரைப் பூவால் மூடிக்கொண்டது என்கிறார் இளங்கோ.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. மறையவன் சொன்ன ஆபத்து எல்லாத்தையும் அவங்க தாண்டிட்டாங்க. வெயில், காடு, மயக்கும் தெய்வம், எதுவும் அவங்களை ஒண்ணும் பண்ணலை. அவங்களை அழிச்சது பாதையில இல்ல, போய்ச் சேர்ந்த ஊர்ல இருந்தது. கடைவீதியும் அரண்மனையும் எந்த வழிகாட்டியிலயும் ஆபத்துன்னு குறிச்சிருக்காது.

ராத்திரியில நடக்கிற ஐடியாவை மட்டும் நீங்க எடுத்துக்காதீங்க. அப்ப லாரி கிடையாது. அதுக்குப் பதிலா விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பையை எல்லாம் கட்டி ரெடியா இருங்க. வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள்ள அன்னைக்குத் தூரத்துல முக்கால்வாசியை முடிச்சிடுங்க. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம்.

மூன்றாம் நாள்: வலது வழியில் ஏற்றம்

மதுரையிலிருந்து வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளப்பட்டி, திண்டுக்கல். சுமார் 65 கிலோமீட்டர். வாடிப்பட்டி வரை வலது பக்கம் சிறுமலை, இடது பக்கம் பச்சை வயல். அந்தப் பச்சைக்கு வயது அதிகம் இல்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்து, மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகையில் விட்டார்கள். பேரணையிலிருந்து கால்வாயில் வருவது அந்தத் தண்ணீர். இளங்கோ காலத்து வழிப்போக்கன் இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்த வயலைப் பார்த்திருக்க மாட்டான்.

கொடைரோடு தாண்டினதும் தொடைக்கு ஒரு விஷயம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்கு ரோடு சமமாத்தான் இருக்கும், ஆனா கியரைக் குறைச்சுக்கிட்டே போவீங்க. மதுரையை விட திண்டுக்கல் நூறு மீட்டருக்கு மேல உயரம். இந்தப் பக்கம் பெய்யற மழை வைகைக்குப் போகுது. திண்டுக்கல்லைத் தாண்டி வடக்கே பெய்யற மழை குடகனாறுல இறங்கி, அமராவதி வழியா காவிரிக்குப் போகுது. சோழ நாட்டு ஆத்துக்கும் பாண்டிய நாட்டு ஆத்துக்கும் நடுவுல இருக்கிற வரப்பு மேலதான் நீங்க ஏறிக்கிட்டிருக்கீங்க.

1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை போட்டபோது, மூன்று இடைவெளிகளில் அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த மேற்கு இடைவெளியைத்தான். மேலூர் வழி நேராக இருக்கும். திண்டுக்கல் வழி சுற்று. ஆனால் திண்டுக்கல் வெறும் வழியில் இருக்கும் ஊர் இல்லை. கரூர், பழனி, நத்தம், மதுரை, திருச்சி எல்லாப் பக்கத்துச் சாலையும் வந்து கூடும் இடம். கொங்கு நாட்டிலிருந்தும் மைசூர் பக்கத்திலிருந்தும் மதுரைக்கு இறங்குபவருக்கு இதுதான் வாசல்.

நான்காம் நாள்: வாசலில் ஒரு பூட்டு

வாசல்னா பூட்டு வேணும்ல. அந்தப் பாறைதான் பூட்டு. ஊருக்கு நடுவுல மொட்டையா, ஒரு திண்டு மாதிரி கிடக்கிற கல். ஊர்ப் பேரே அதுல இருந்து வந்ததாச் சொல்லுவாங்க.

1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் அதன்மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் பலப்படுத்தினார்கள். மேலே ஏறி நின்றால் ஏன் அங்கே கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டாம். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவில் திறந்த சமவெளி. எந்தப் பக்கத்திலிருந்து படை வந்தாலும் தூசி தெரியும்.

1755-ல் மைசூர் அரசு ஒரு படைத்தலைவரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக அனுப்பியது. அவர் பெயர் ஹைதர் அலி. அதே 1755-ல்தான் சிறுமலைக்கு அந்தப் பக்கம் ஹெரான் நத்தத்தில் மாட்டிக்கொண்டார் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கம்பெனி நடு இடைவெளியில் தடுமாறுகிறது. மைசூர் மேற்கு இடைவெளியில் வந்து உட்காருகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தென்னிந்தியாவை உலுக்கிய சண்டையின் இரண்டு தரப்பும் ஒரே மலையின் இரண்டு பக்கத்தில்.

அடுத்து, 1772. காளையார்கோவிலில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் சேர்ந்து தாக்கியதில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடும், அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்களோடும் தப்பி மேற்கே வந்தார். அடைக்கலம் கிடைத்தது பாளையக்காரர் கோபால நாயக்கரின் விருப்பாட்சியிலும், ஹைதர் அலியின் ஆளுகையில் இருந்த திண்டுக்கல்லிலும். அந்த வருஷம் டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதிக் குதிரைப் படையும் காலாட் படையும் கேட்டார். அந்த உதவியை வைத்து நாட்டை மீட்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1780-ல் வேலு நாச்சியார் படையோடு கிழக்கே இறங்கி சிவகங்கையை மீட்டார்.

கண்ணகி தெற்கே நடந்த கதை நமக்கு மனப்பாடம். இந்தச் சமவெளியில் எட்டு வருஷம் காத்திருந்து கிழக்கே திரும்பிப் போன இன்னொரு பெண்ணின் கதையும் இதே பாதைகளில்தான் இருக்கிறது. ஒருத்தி நீதி கேட்டு அரண்மனைக்குப் போனாள். இன்னொருத்தி படையோடு போனாள்.

திண்டுக்கல் கோட்டை பிறகு பல கை மாறியது. 1783-ல் கம்பெனி பிடித்தது, 1784-ல் மங்களூர் ஒப்பந்தப்படி மைசூருக்குத் திருப்பிக் கொடுத்தது, 1790-ல் மறுபடி பிடித்தது, 1792-ல் சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த கோபால நாயக்கர், கம்பெனிக்கு எதிரான பாளையக்காரர் கூட்டணிக்கு இந்தப் பகுதியில் தலைமை தாங்கினார். 1801-ல் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில்.

காலையில வெயில் ஏறதுக்குள்ள கோட்டையைப் பார்த்துடுங்க. மதியம் பிரியாணி. கால்ல இன்னும் தெம்பு இருக்கிறவங்க அடுத்த நாள் விடியற்காலையில நத்தம் ரோட்டுல இருந்து பிரியிற சிறுமலை ரோட்டுல ஏறலாம். 18 கொண்டை ஊசி வளைவு. மேல போனா மறையவன் போட்ட பட்டியல்ல பாதியை நேர்லயே பார்க்கலாம். பலா இருக்கு, வாழை இருக்கு. சிறுமலை வாழைக்கு இப்ப புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. காப்பியும் மிளகும் மட்டும் அவன் பட்டியல்ல இல்லாத புது ஆளுங்க.

நடக்கிறவங்க இன்னும் இருக்காங்க

தைப்பூசத்தை ஒட்டி நீங்க போனா ரோட்டு ஓரத்துல தனியா இருக்க மாட்டீங்க. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து வர்ற வழி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல். பல தலைமுறையா நடக்கிற பயணம். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்பி நடக்கிறவங்களைப் பார்ப்பீங்க. கோவலன் போட்ட அதே கணக்கு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், சாப்பாடு. ராணி மங்கம்மாள் சாலை போட்டுச் சத்திரம் கட்டின காலத்துல இருந்து இந்தப் பக்கத்துல வழிப்போக்கனுக்குத் தண்ணி கொடுக்கிறது ஒரு பெரிய தர்மம். உங்க பாட்டிலையும் நிரப்பிக் கொடுப்பாங்க. அவங்க நடக்கிற ஓரத்துல மணி அடிச்சு ஒதுங்கச் சொல்லாதீங்க. ரோட்டுல அவங்கதான் சீனியர்.

ஐந்தாம் நாள்: திரும்பி வருதல்

திண்டுக்கல், வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை. சுமார் 60 கிலோமீட்டர். அய்யலூர்ல வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை, அதுக்கேத்த மாதிரி நாளைப் பார்த்துக்கோங்க. அய்யலூர்ப் பக்கம் மலை மறுபடி நெருங்கி வரும். மறையவன் சொன்ன வறண்ட நிலம் இதுதான். ஓரத்துல எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். அது சிலப்பதிகாரத்துல கிடையாது, பிரிட்டிஷ் காலத்துல வந்த மரம். ஆனா உங்க டயருக்கு அது நல்லா அறிமுகமாகும். ஆளுக்கு ரெண்டு ட்யூப், ஒரு பஞ்சர் கிட் இல்லாம கிளம்பாதீங்க. வண்டியை நிழல்ல நிறுத்தறேன்னு அந்த மரத்தடிக்குத் தள்ளிட்டுப் போகாதீங்க. பெரிய ரோட்டுல சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்துல எல்லாம் அதுலயே போங்க.

மணப்பாறையில முறுக்கு வாங்கிக்கிட்டு நேரா ரயில் ஏறலாம். நான் சொல்றது, இன்னும் ஒரு இருபத்தஞ்சு கிலோமீட்டர் கிழக்கே மிதிச்சு கொடும்பாளூருக்கே போயிடுங்க. சூலத்தோட நடு முனையில இறங்கி, வலது முனையில ஏறி, மறுபடி அது பிரியிற இடத்துக்கே வந்து நிப்பீங்க. மொத்தம் முந்நூறு கிலோமீட்டர் பக்கம் வரும்.

அங்க வந்து நின்னு, வலது வழி மலைக்குக் கிழக்கேயா மேற்கேயான்னு உங்களுக்குள்ள பேசிப் பாருங்க. ரெண்டு பக்கமும் மிதிச்சு வந்திருப்பீங்க. எங்க ஏத்தம், எங்க தண்ணி, எங்க நிழல், எங்க மலை நெருக்குதுன்னு உடம்புக்குத் தெரியும். வீட்டுல உக்காந்து சொல்லுக்குப் பொருள் தேடுற எங்களை விட உங்க வாதத்துக்கு அப்ப கனம் அதிகம். எழுதி அனுப்புங்க. இடது வழி, அந்த மூணு பொய்கை, அழகர்மலைச் சமணக் குகைகள் எல்லாம் அடுத்த எபிசோடுல.